சைக்கிள் மணிக்கு வரும் மாடுகள்

எங்கள் கொர்மான்வில் ஊர்க்காரன் எவனிடமும் நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்க முடியாது. மழை பெய்கிறதா என்று கேட்டால் "காயலை" என்பான். பசிக்கிறதா என்றால் "வச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்பான். நார்மண்டியில் பாதிப் பேர் இப்படித்தான், மீதிப் பாதி எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் உடைத்துப் பேசத் தெரிந்த ஒரே ஆள் மார்செலின் தோரே. குரல் போனது அவளுக்குத்தான். கடவுளுக்கு ஆள் பார்த்து எடுக்கத் தெரியவில்லை என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நான் ரெமி. பால் டாங்கர் லாரி ஓட்டுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பண்ணை பண்ணையாகப் போய், குளிர்தொட்டியில் இருக்கும் பாலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஆலையில் சேர்ப்பது என் பிழைப்பு. மார்செலினும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவள் மைதானத்தில் நின்று "ரெமி" என்று கூப்பிட்டால் பக்கத்து ஊரில் இருக்கிற ரெமிகளும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு தொண்டை. பின்னாளில் அந்தத் தொண்டையை வைத்துத்தான் மாடு மேய்த்தாள். அப்பா போனபின் பண்ணையைத் தனி ஆளாக எடுத்து நடத்தினாள். இருபத்துச் சொச்சம் மாடுகள், வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாட்டியதுபோல் வளையம். கறவை நேரம் வந்தால் பண்ணை வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். ஓடைக்கரையில் மேய்கிற மாடெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்துவிடும். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களும் உண்டு. கறவை நேரத்தில் வந்ததால் கொஞ்சம் இருங்கள் என்றாள், அவர்கள் இருக்கவில்லை.

பிறகு கழுத்தில் கழலை வந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குரல் நரம்பு ஒன்று அடிபட்டுவிட்டது. டாக்டர் சொன்னதை அவளே என்னிடம் சொன்னாள்: குரல் ஒரேயடியாகப் போகவில்லை, கரகரவென்றுதான் வரும், பேசப் பேசத்தான் கொஞ்சமாவது பழக்கத்துக்கு வரும். முதல் வாரச் சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை முன்னால் நின்று அவள் ஏதோ விலை கேட்டிருக்கிறாள். அடுத்த கடை மீன்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாருய்யா சந்தைக்கு வாத்தைக் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டானாம். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்து அவன் சொல்லவில்லை, தெரிந்தபின் மன்னிப்பும் கேட்டான். ஆனால் அவள் அன்றைக்கு மூடிய வாயை அதன்பின் திறக்கவில்லை. வேண்டியவர்களிடம் காதுக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுப்பாள், அவ்வளவுதான். அந்த மீன்காரனிடம் என் வீட்டில் இன்றுவரை மீன் வாங்குவதில்லை.

குரல் இல்லாமல் மாட்டை எப்படிக் கூப்பிடுவது? அப்பாவின் பழைய சைக்கிள் இருந்தது, அதில் பெரிய வட்ட மணி. மேய்ச்சல் நிலத்தின் கேட் வரைக்கும் சைக்கிளில் போய் மணியை அடிப்பாள். முதலில் எந்த மாடு வருகிறதோ அதற்கு ஒரு கை பார்லி. முன்னால் நடக்கிற மிராபெல் என்ற மாடு ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது. மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன. மாட்டுக்கு மூளை கிடையாது என்கிறவன் மாடு வைத்தவனாக இருக்க மாட்டான். இப்படியே வருஷங்கள் ஓடின. முன்னால் சைக்கிளில் மார்செலின், பின்னால் மிராபெல், அதற்குப் பின்னால் மற்றதெல்லாம். "ராணி ஊர்வலம் கிளம்பிட்டா" என்று காப்பிக்கடையில் சொல்லுவோம்.

அந்த ஊர்வலம் போனது பழைய ரயில் பாதையில். நாங்கள் சிறுசாக இருந்தபோதே ரயில் நின்றுவிட்டது, தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு முள் மண்டிக் கிடந்தது. மார்செலின் மாடுகள் நடந்த துண்டு மட்டும் சுத்தமாக இருந்தது. ஒருநாள் மாவட்ட நிர்வாகம் வந்து, இந்த ரயில் பாதை முழுவதையும் சைக்கிள் பாதையாக்கப் போகிறோம், காரும் லாரியும் ஏறவே முடியாது என்று சொன்னது. ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள்.

மேயர் அல்பான் வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரு அறிவிப்புப் பலகை போதும் என்று நினைக்கிறவர்.

"பாரிஸ்காரன் வருவான், என் ஆப்பிளைப் பறிப்பான்" என்றார் ஒரு விவசாயி.

"உன் ஆப்பிளை உன் பன்னியே சீந்தறதில்ல" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர்.

மார்செலின் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த நாட்களில் பொது இடத்தில் அவள் பேச வேண்டியதை நான்தான் பேசுவேன். குனிந்து கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

"மார்செலின் என்ன சொல்றான்னா, இத்தனை வருஷமா அந்தப் பாதையில எம் மாடு மட்டுந்தான் போகுது. மனுஷங்களும் போகட்டுமே. எம் மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

மன்றம் சிரித்தது. அவள் மறுபடி இழுத்தாள்.

"வளைவுல இடம் பத்தலைன்னா எம் வேலி ஓரமா ஒரு துண்டு நான் தரேன்." சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. உட்கார்ந்து அவள் காதில் கேட்டேன்: "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நீ லவுட்ஸ்பீக்கர்" என்று கிசுகிசுத்தாள். "லவுட்ஸ்பீக்கர் கேள்வி கேக்காது."

எதற்காக அப்படிச் செய்தாள் என்று பிறகு பால் எடுக்கப் போனபோது கேட்டேன். குளிர்தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு கறவைக்கு நடுவுல ஒருத்தி எவ்வளவு தூரம் போயிட்டு வர முடியும்? சைக்கிள் இருக்கு, நான் பாத்தது அந்த கேட்தான். என்னால எங்கயும் போக முடியாது ரெமி. போறவங்களாவது என் பக்கமா போகட்டுமே." மீட்டரைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பாதை வந்தது. முள்ளையெல்லாம் வெட்டி, பொடிச் சல்லி போட்டு அழுத்தினார்கள். எதிரும் புதிருமாக இருந்த ஓக் மரங்களுக்குக் கீழே நிழல் அப்படியே கிடந்தது. நான் நாள் பூரா லாரி இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவன், சைக்கிள்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ரோட்டில் முன்னால் போய்க்கொண்டு வழியும் விடமாட்டார்கள். என் மனைவிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். ரயிலுக்குப் போட்ட பாதை, ஏற்றமே தெரியவில்லை. மிதித்த மாதிரியே இல்லை, அடுத்த ஊர் வந்துவிட்டது. பின்னால் கார் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதி வழியில்தான் கழுத்து அந்தப் பழக்கத்தை விட்டது. எதிரே வருகிறவர்கள் வளைவில் தெரிவதற்கு முன்னாலேயே அவர்கள் பேசுவது கேட்டது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஓடைச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்றாள் மனைவி. "மோசமில்ல" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டே கிடையாது.

கோடையில் கூட்டம் வரத் தொடங்கியது. சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்க, கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, நாள் கணக்காகப் போகிறவர்கள். குழந்தையைச் சக்கரம் வைத்த தொட்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு போகிற தம்பதிகள். எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட வழியில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போகிறவன் மனுஷனே இல்லை, வணக்கத்துக்குப் பதில் சொல்லாதவன் அதைவிட மோசம். மார்செலின் கேட்டில் நிற்பாள். போகிற ஒவ்வொருவரும் "வணக்கம் மதாம்" என்பார்கள். அவள் என்ன செய்வாள்? கிசுகிசுப்பு அத்தனை தூரம் எட்டாது. குரலைத் திறக்க மாட்டாள். கையில் இருந்தது சைக்கிள் மணி. ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர்களும் சிரித்துக்கொண்டு திரும்ப ஒரு மணி அடித்துவிட்டுப் போனார்கள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. ஃபெர்னான் என்று ஒருவர், அலான்சோன் ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சைக்கிள் பயணச் சங்கத்தோடு அடிக்கடி வருவார். ஒருநாள் தண்ணீர் கேட்டு நிறுத்தியவரிடம் மார்செலின் காதோரம் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். மனிதர் உருகிப்போய்விட்டார். சங்கத்தின் வழிகாட்டிப் புத்தகத்தில், கொர்மான்வில் புல்வெளிக்கு வந்ததும் மணி அடியுங்கள், ஒரு அம்மாள் உங்களுக்குத் திரும்ப மணி அடிப்பார் என்று போட்டுவிட்டார். அவ்வளவுதான். பெல்ஜியத்திலிருந்து வருகிறவன்கூட எங்கள் வளைவு வந்ததும் கிணிங் கிணிங்.

மார்செலினுக்கு ஒரே சந்தோஷம். அத்தனை வருஷம் ஊமை மாதிரி இருந்தவளிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊர் உலகமெல்லாம் பேசிவிட்டுப் போகிறது. அவள் முகத்தில் அந்தக் கோடையில் பார்த்த சிரிப்பை நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் மணி என்றால் மாட்டுக்கு என்ன? பார்லி, கறவை. கிணிங் என்றதும் மிராபெல் மேய்ச்சலை விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடும். பின்னாலேயே மற்றதும் ஓடும். வந்து பார்த்தால் யாரோ ஒரு பெல்ஜியக்காரன் கையசைத்துக்கொண்டு போவான். மாடுகள் நிற்கும், கத்தும், திரும்பிப் போகும். இரண்டு வாய் புல் கடிப்பதற்குள் அடுத்த மணி. சைக்கிள்காரர்கள் "பாருங்க, மாடெல்லாம் நம்மள வரவேற்குது" என்று படம் பிடித்தார்கள். வேலி ஓரம் சேறாகிவிட்டது. மாடு வயிறு நிறையாமல் பால் குறைந்தது. என் லாரியின் மீட்டருக்கு அது முதலில் தெரிந்தது.

"மார்செலின், கேட்டுல வந்து நிக்கிறத நிறுத்து" என்றேன். "நீ அடிக்காட்டி அவங்களும் அடிக்க மாட்டாங்க."

"வணக்கம் சொல்றவங்களுக்கு பதில் சொல்லாத இருக்கச் சொல்றியா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தா?"

"உங்கம்மா மாடும் வளத்தா."

"போடா" என்றாள். அதையும் கிசுகிசுப்பாகத்தான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆகஸ்டு மாதத்தில் மாடுகள் ஓடி வருவது நின்றது. மேயருக்கு நிம்மதி. "பாத்தீங்களா, மாடுங்களே பழகிடுச்சு" என்றார். ஆனால் மாடுகள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தன: மணி அடித்தால் ஒன்றும் கிடைக்காது. ஒருநாள் சாயங்காலம் மார்செலின் கேட்டில் நின்று மணி அடித்தபோது ஒரு மாடும் தலையைத் தூக்கவில்லை. மறுபடி அடித்தாள். விடாமல் அடித்தாள். மிராபெல் ஒருதரம் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது. இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த நிலம் ஓடைவரைக்கும் சரிந்து போகிறது, கடைசியில் ஆல்டர் மரப் புதர். மாடுகள் வெயிலுக்கு அதற்குள் போய் நின்றுகொள்ளும். முழங்கால் தேய்ந்த ஒருத்தி தனியாக உள்ளே இறங்கி, ஒவ்வொன்றாக முதுகில் தட்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஒன்று வந்தால் இன்னொன்று திரும்பிப் போகும். கறவை தள்ளிப்போனது. மடி கட்டிக்கொண்டு இரண்டு மாட்டுக்கு வீக்கம் வந்தது. நான் லாரியோடு போய் நின்றால் பாதி மாடு இன்னும் கறவை மெஷினில் இருக்கும். கறந்த சூட்டோடு பாலை ஏற்ற முடியாது, குளிர வேண்டும். காத்திருந்தால் மற்ற பண்ணைகளுக்குத் தாமதம். இரண்டு தடவை அவள் பாலை விட்டுவிட்டுப் போனேன். ஆலையில் பண்ணைகளைப் பார்த்துக்கொள்கிற மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமையும் ரெடியா இல்லைன்னா, அந்தப் பண்ணைய லாரி சுத்துல இருந்து எடுத்துருவேன் ரெமி. ஒரு பண்ணைக்காக லாரி நிக்க முடியாது."

எடுத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அவள் பாலை வாங்க வேறு ஆள் கிடையாது. மாடுகளை விற்க வேண்டியதுதான். அவளுக்கு மாட்டைத் தவிர யார் இருக்கிறார்கள்? போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஊரே யோசனை சொல்ல வந்துவிட்டது. நாய் வைத்துக்கொள் என்றார் ஒருவர். வைத்திருந்தாள், அது சைக்கிள் பைகளில் வருகிற தொத்திறைச்சியை மோப்பம் பிடித்து அடுத்த ஊர் வரைக்கும் கூடவே போய், நன்றாகத் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்ளும். வேட்டைக் கொம்பு ஊது என்றார் இன்னொருவர். ஊதினாள், ஊரில் உள்ள வேட்டை நாய்கள் அத்தனையும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றன. மேயர் அல்பான் தன் பங்குக்குப் பலகை நட்டார். இங்கே மணி அடிக்காதீர்கள். அதைப் பார்த்த ஒவ்வொருவரும் நிறுத்தி, ஏன் என்று யோசித்து, அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பலகையை மார்செலினே பிடுங்கினாள். தோளில் தூக்கிக்கொண்டு போய் மேயர் வீட்டு வாசலில் போட்டாள். நானும் கூட இருந்தேன், லவுட்ஸ்பீக்கர் வேண்டுமே.

"எனக்கு வணக்கம் சொல்லாதீங்கன்னு ஊருக்கெல்லாம் எழுதி வைக்கிறியா" என்று அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன் மார்செலின்?" என்றார் அல்பான், பாவம்.

திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன். "சைக்கிள் மணி யாரு சைக்கிள்லயும் இருக்கும். உன் தொண்டை யாருகிட்டயும் கிடையாது. உன் வாய்க்கு என்ன ஆச்சு? அத வச்சுக் கூப்பிடேன்."

நின்றுவிட்டாள். என்னைப் பார்த்த பார்வையில், சந்தையில் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்று இருந்தது. திரும்பி விறுவிறுவென்று நடந்துபோனாள். அடுத்த முறை பால் எடுக்கப் போனபோது கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. உள்ளே ரேடியோ மட்டும் காது கிழியப் பாடிக்கொண்டிருந்தது. கோபம் இருக்கட்டும், மாட்டுக்காவது காது கேட்க வேண்டாமா என்று சொல்வதற்காகத்தான் கதவருகே போனேன்.

ரேடியோவுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. எண்ணெய் பார்க்காத கதவு மாதிரி, அடைத்த தொண்டையில் யாரோ இழுக்கிற மாதிரி. கதவு இடுக்கில் பார்த்தேன். மார்செலின் கையில் பார்லியை வைத்துக்கொண்டு மாட்டுக்கு மாடு போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, வாயைத் திறந்து, முழுக் குரலில் "வா... வா... வா" என்று கூப்பிட்டாள். பழைய கூப்பாடுதான். ஆனால் குரல் நடுவில் உடைந்தது, இரண்டாகப் பிரிந்தது, சில இடத்தில் வெறும் காற்று வந்தது. மாடுகள் காதை முன்னால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. கூப்பிட்டதும் பார்லி. அடுத்த மாடு. கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வியர்வையா, தெரியவில்லை. நான் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆக, கொட்டகைக்குள் மாடுகளுக்கு அந்தக் குரல் தெரியும். வெளியே, திறந்த புல்வெளியில், போகிறவர் வருகிறவர் முன்னால் அவள் வாயைத் திறப்பாளா என்பதுதான் இனி பாக்கி. நான் அவளை அறிந்தவரைக்கும் திறக்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக லாரியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். மாடு உள்ளே வந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்ற பண்ணைகளை முடித்துக்கொண்டு அவளிடம் கடைசியாக வரலாம் என்று கணக்கு. போனால், கேட்டுக்குப் பக்கத்திலேயே ஃபெர்னானும் அவர் சங்கத்து ஆட்களும் ராத்திரி கூடாரம் போட்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக்கொண்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாடுகள் கீழே பனிமூட்டத்துக்குள். மார்செலின் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக அப்படி நிற்கிறாளோ.

"வணக்கம் மதாம்!" என்றார் ஃபெர்னான், சந்தோஷமாக. தன் சைக்கிள் மணியை எட்டி ஒரு தட்டும் தட்டினார்.

மார்செலின் கை தன் சைக்கிள் மணிப் பக்கம் போயிற்று. போய், பாதியில் நின்றது. அவள் கையை எடுத்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் லாரியிலிருந்து இறங்கக்கூட இல்லை, கதவைப் பாதி திறந்தபடி இருந்தேன். ஃபெர்னானிடம் ஓடிப்போய், கூட்டிக்கொண்டு போங்கள் ஐயா இவர்களை என்று சொல்லலாமா என்று தோன்றியது. அதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? கேட்டவர்கள் கையில் ரொட்டி அப்படியே நின்றது. ஒரு அம்மாள் திரும்பி மரத்தைப் பார்த்தார், ஏதோ பறவை என்று. கூட்டத்தில் இளவட்டம் ஒருவன் சிரித்தேவிட்டான். பக்கத்தில் இருந்தவர் அவன் முழங்கையில் இடித்தார். மார்செலின் காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் கழுத்து வரைக்கும் சிவந்தது தெரிந்தது. பனிமூட்டத்துக்குள் ஒன்றும் அசையவில்லை. சரி, போயிற்று, உள்ளே ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். குரல் உடைந்தது, உடைந்த இடத்தில் நிறுத்தாமல் அதன்மேலேயே கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடும்போது கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கீழே பனிக்குள் வெள்ளையாக ஒன்று திரும்பியது. மிராபெல். நின்று கேட்டது. பிறகு வந்தது, ஓட்டமும் நடையுமாக, பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை. ஃபெர்னான் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் காப்பிக் குவளையும் கூடாரக் கயிறுமாக வாரிச் சுருட்டிக்கொண்டு பாதையை விட்டு ஒதுங்கினார்கள். மார்செலின் கேட்டைத் திறந்தாள். மாடுகள் பாதையைத் தாண்டி அவள் பின்னால் வரிசையாக நடந்தன.

சிரித்தவன் முன்னால் வந்ததும் அவள் நின்றாள்.

"வணக்கம்" என்றாள் அவனிடம், அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி.

"வணக்கம் மதாம்" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் நடந்தாள். நான் லாரியை அவசரத்தில் பண்ணை வழியின் குறுக்கே நிறுத்திவிட்டிருந்தேன், மாடு போக இடமில்லை. என் கதவுக்கு நேரே வந்து அண்ணாந்து பார்த்தாள். எத்தனை வருஷமாகவோ என் காதுக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தவள், அன்று என் காதைத் தேடவில்லை.

"ரெமி" என்று கூப்பிட்டாள். "வண்டிய எடு. மாடு நிக்குது."

என்ன பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குத்தான் குரல் வரவில்லை. லாரியை எடுத்து ஓரங்கட்டினேன்.